வெயிலுக்கு முத்திரை குத்தியவர்

வெயிலைப் பாஸ் பண்ணவும் ரிஜெக்ட் பண்ணவும் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவருக்குத்தான் அதிகாரம் இருந்தது. அவர் வெள்ளானூரில் என் வீட்டு ஓனர். நான் அவர் வீட்டின் பின்கட்டில், ஒற்றை அறையில் குடியிருக்கிறேன். பேர் சொல்ல மாட்டேன். உயிரோடு இருந்தபோதே "சார்" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை.

தினமும் சாயங்காலம் வெயில் இறங்கியதும் சுவரிலிருந்து அன்றைய நாள்காட்டித் தாளைக் கிழிப்பார். மாடிப்படிச் சுவரில் மாட்டியிருந்த சோலார் மீட்டரில் அன்றைக்கு எத்தனை யூனிட் என்று பார்ப்பார். தாளின் பின்பக்கம் அதைக் குறித்துக்கொண்டு, முன்பக்கம் தேதியின் மேலேயே ஒரு ரப்பர் முத்திரை குத்துவார். பச்சை மை என்றால் "ஏற்கப்பட்டது". சிவப்பு மை என்றால் "நிராகரிக்கப்பட்டது". இந்தத் தீர்ப்புகள் சூரியனுக்குப் போய்ச் சேர்ந்தனவா என்று எனக்குத் தெரியாது. சேர்ந்திருந்தால் அதுவும் என்னைப் போல மறுநாள் கொஞ்சம் பயந்துதான் வந்திருக்கும்.

ஆவடியில் ராணுவத்துக்குச் சாமான் செய்கிற இடத்தில் அவர் இன்ஸ்பெக்டர். போலீஸ் இல்லை. செய்து வருகிற சாமானை அளந்து பார்த்து, சரியில்லை என்று தள்ளுகிற இன்ஸ்பெக்டர். ரிட்டையர் ஆன அன்று கழுத்தில் மாலை போட்டு அனுப்பினார்கள். மாலையிலே நாலு பூ வாடியிருந்ததை எடுத்துக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாராம். இதைச் சொன்னது அவர் சம்சாரம். நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

வேலை போயிற்று, தள்ளுகிற பழக்கம் போகவில்லை. தெருவில் தக்காளி வண்டி வந்தால் ஒவ்வொரு பழமாக எடுத்து, கண்ணுக்கு நேராகப் பிடித்து, சுற்றிப் பார்ப்பார். வண்டிக்காரி ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டே விட்டாள்.

"யோவ் பெர்சு, நீ இத்தக் கொயம்புல போடப் போறியா, பீரங்கில போடப் போறியா?"

"ரெண்டுக்கும் இது தேறாதும்மா" என்றார் அவர், முகம் மாறாமல்.

மகனுக்குப் பெண் பார்க்கப் போய் வந்தபோதும் அப்படித்தான். பெண் எப்படி என்று அக்கா கேட்டிருக்கிறாள். "பொண்ணு பாஸ். மாப்பிள்ளைதான் டவுட்டு" என்றாராம். மாப்பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது.

இப்படித் தெருவில் தள்ளுவதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போனபோதுதான் மாடியில் ஒன்பது சோலார் பேனல் போட்டார். அதோடு வானம் முழுக்க அவர் டிபார்ட்மெண்டுக்குள் வந்துவிட்டது. காலையில் மேகம் வந்தால் "லேட்" என்பார். மழை என்றால் "ஆப்சென்ட்". ஐப்பசியில் நாலு நாள் சேர்ந்தாற்போல அடைத்துக்கொண்டு பெய்தபோது, வாசலில் நின்று வானத்தைப் பார்த்து, "லீவு லெட்டர் கொடுத்துட்டா வரல?" என்று கேட்டதை நான் என் காதால் கேட்டேன்.

எனக்கும் அந்த மாடிக்கும் உள்ள சம்பந்தத்தைச் சொல்ல வேண்டும். நான் வடகம் போட்டுப் பிழைக்கிறவள். கூழ் கிளறி, துணியில் பிழிந்து, காயவைத்து, கடைகளுக்கும் கல்யாணச் சமையல்காரர்களுக்கும் கொடுப்பேன். எனக்கு மூலதனம் என்றால் மொட்டை மாடியும் வெயிலும்தான். இரண்டும் என்னுடையது இல்லை.

பேனல் வந்ததும் என் துணி விரிக்க இடமில்லாமல் போயிற்று. கேட்க வாய் வராமல் இரண்டு நாள் கூழ்ச் சட்டியோடு படியிலேயே நின்றேன். மூன்றாம் நாள் அவரே ஒரு டப்பாவில் மஞ்சள் பெயிண்ட் கொண்டுவந்து, மாடியின் கிழக்கு ஓரமாக நீளத்துக்கு ஒரு கோடு இழுத்தார்.

"இந்தாம்மா. கோட்டுக்கு அந்தப் பக்கம் உன் வடகம். இந்தப் பக்கம் என் பேனல். தினம் காலைல வெயில் ஏறுறதுக்கு முன்னாடி ஒன்பதையும் ஈரத் துணி போட்டுத் தொடைக்கணும். கோட்டைத் தாண்டி உன் நிழல்கூட விழக் கூடாது."

நிழலை எப்படிச் சுருட்டி வைத்துக்கொள்வது என்று அவர் சொல்லித் தரவில்லை. ஆனாலும் சரி என்று தலையை ஆட்டினேன். மாடிச் சாவி என் கைக்கு வந்தது. அதற்கப்புறம் ஏழு வருஷம் அந்த ஒன்பது கண்ணாடியையும் துடைத்தேன். என் வீட்டுக் கண்ணாடியை அத்தனை தடவை நான் துடைத்ததில்லை. அதில் பார்க்கவும் ஒன்றும் இல்லை.

இந்தப் பக்கத்துத் தூசி லேசுப்பட்டது இல்லை. ஒருபக்கம் லாரி ரோடு, ஒருபக்கம் புதிதாக மனை போட்டு மண் அடிக்கிறார்கள். ஒரு நாள் விட்டால் பேனலில் விரலால் கோலம் போடலாம். அவர் விரலால் பார்க்க மாட்டார். வெள்ளைக் கைக்குட்டை வைத்திருந்தார். திடீரென்று மேலே வந்து, மூலையில் ஒரு இழுப்பு இழுத்து, கைக்குட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். சுத்தமாக இருந்தால் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கிவிடுவார். நல்லது என்று சொல்கிற வழக்கமே அந்த டிபார்ட்மெண்டில் இல்லை போலும்.

அவர் சந்தோஷப்பட்டு நான் பார்த்தது எண்ணினால் ஒரு கைக்குள் அடங்கும். ஒருநாள் வானத்தில் வெள்ளை வெள்ளையாக மேகம் ஓடிக்கொண்டிருந்தது. சூரியன் ஒரு மேகத்தின் ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்த நேரம் மீட்டரில் அந்த நிமிஷத்து எண் குபீரென்று ஏறியது. துப்புரவான வெயிலில் கூட அத்தனை ஏறியதில்லை. "பாத்தியா, பாத்தியா! மேகம் ஓவர்டைம் பாக்குது!" என்று அக்காவைக் கூப்பிட்டார். நேர் வெயில் ஒருபக்கம், மேகத்தில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் ஒருபக்கம், இரண்டும் சேர்ந்து விழுகிறதாம். அக்கா வந்து பார்ப்பதற்குள் மேகம் நகர்ந்து சூரியனை மூடி, எண் பாதியாகிவிட்டது.

"இதுக்கா அடுப்புல பாலை வச்சுட்டு வந்தேன்?" என்றாள் அக்கா.

அன்றைக்குப் பச்சையா சிவப்பா என்று முடிவு செய்யாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

இப்போது அந்தப் போகியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பேனல் போட்ட இரண்டாம் வருஷம். தை மாதக் கல்யாணம் ஒன்றுக்கு ஒரு சமையல்காரர் மொத்தமாக வடகம் கேட்டிருந்தார். அதற்கு முன்னால் அவ்வளவு பெரிய ஆர்டர் எனக்கு வந்ததில்லை. இதைச் சரியாகக் கொடுத்தால் வருஷம் முழுக்க அவர் என்னிடமே வாங்குவார். போகிக்கு முதல் நாளே பிழிந்து விரித்துவிட்டேன். பாதி காய்ந்திருந்தது.

போகி விடிகாலையில் ஊரே எரித்தது. பாய், துணி, அதோடு கூடாது என்று சொல்லச் சொல்ல டயரும். மார்கழிப் பனி வேறு இறங்கி நிற்கும் நேரம். புகை மேலே போக வழியில்லாமல் பனியோடு கலந்து ஊர் மேல் படுத்துக்கொண்டது. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரியவில்லை. நான் இருமிக்கொண்டே ஒன்பதையும் துடைத்தேன். கரி மறுபடி இறங்கியிருக்கிறதே என்று பத்து மணிக்கு இன்னொரு தடவையும் துடைத்தேன். பதினொரு மணிக்கு மேல் சூரியன் வந்தது. ரசம் போன கண்ணாடி மாதிரி, வெறும் கண்ணால் பார்க்கலாம். மத்தியானம் நிழல் விழுந்தது, ஆனால் நிழலுக்கு ஓரம் இல்லை.

சாயங்காலம் மீட்டரில் ஐந்து. தினம் பன்னிரண்டு காட்டுகிற இடத்தில் ஐந்து. அவர் படியேறி வந்தார். கைக்குட்டையை எடுத்து ஒரு இழுப்பு. நான் பத்து மணிக்குத் துடைத்த பிறகு இறங்கிய கரி முழுக்க அந்தக் கைக்குட்டையில் வந்து ஒட்டிக்கொண்டது. அதைவிட நல்ல சாட்சி எனக்கு எதிராக யாரும் தயார் பண்ணியிருக்க முடியாது.

"பண்டிகைன்னு ஏமாத்திட்ட."

"இல்ல சார்... ரெண்டு தபா..." என்றேன்.

"சாவியக் கொடு."

கொடுத்தேன். என் வடகம் மேலேயே இருந்தது, பாதி ஈரத்தோடு. அப்படியே பனியில் கிடந்தால் புளித்துப்போகும். கல்யாணத்துக்கு அனுப்புவது இருக்கட்டும், காக்காய்கூட யோசிக்கும். அக்கா படியில் நின்று, "ஏங்க, ஊரே பொகையா இருக்கு, அவ மேல பாயுறீங்களே" என்று சொல்லிப் பார்த்தாள். "பொகை எல்லாருக்கும்தான். கைக்குட்டைல இருக்கறது இவளுக்கு" என்றார். நாற்பது வருஷ சர்வீஸ். வாதத்தில் ஓட்டை வைக்க மாட்டார்.

கீழே வந்து உட்கார்ந்தேன். என் முந்தானையில் இரண்டு வடகம் இருந்தன. காய்ந்ததா என்று பார்க்க மத்தியானம் துணியிலிருந்து எடுத்த ஒன்று. நாலு நாள் முன்னால் நல்ல வெயிலில் காய்ந்த பழைய வடகம் ஒன்று, ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்தது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. தோன்றியதைச் சொல்ல மறுநாள் காலை வரைக்கும் தைரியம் வரவில்லை.

பொங்கலன்று காலை அவர் காபி குடிக்கிற நேரம் வாசலில் போய் நின்றேன். ஒரு தட்டில் இரண்டு வடகமும்.

"என்ன இது, பண்டிகைப் பலகாரமா?"

பழைய வடகத்தை எடுத்து ஒடித்தேன். டப்பென்று ஒடிந்தது. போகி வடகத்தை எடுத்து ஒடித்தேன். ஒடியவில்லை. வெற்றிலை மாதிரி வளைந்து கையிலேயே நின்றது. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்:

"இதும் மேல கண்ணாடி இன்னா கீது சார், நா தொடைக்காம உட்டதுக்கு?"

என் ஆயுசில் ஒரு பெரிய மனுஷரிடம் நான் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

அவர் காபியைக் கீழே வைத்தார். போகி வடகத்தை வாங்கி வளைத்தார். திருப்பி வளைத்தார். முகர்ந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். நான் என்னமோ கோர்ட்டில் நிற்கிற மாதிரி நின்றேன்.

"ஒரு சாம்பிள் பத்தாது" என்றார். "இன்னும் அஞ்சு வேணும். வேற வேற இடத்துல எடுத்தது."

"சாவி ஒங்கையில கீதே சார்."

சாவியை எடுத்து ஆணியில் மாட்டினார். என் கையில் கொடுக்கவில்லை. ஆணியில் மாட்டினார், நான் எடுத்துக்கொண்டேன். அவ்வளவுதான். மன்னிப்பு, வருத்தம், அந்த மாதிரிச் சரக்கெல்லாம் அவரிடம் ஸ்டாக் இல்லை. ஐந்து வடகமும் வளைந்தன. ஐந்தையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். என் வடகம் அடுத்த மூன்று நாள் வெயிலில் தப்பித்தது. கல்யாணமும் நடந்தது.

அதிலிருந்து ஒரு புது வேலை சேர்ந்தது. தினமும் சாயங்காலம் அன்றைய வடகம் ஒன்றை அவரிடம் காட்ட வேண்டும். காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒடித்துச் சத்தம் கேட்பார். மீட்டரைப் பார்ப்பார். எழுதுவார். அதுவரை வானத்துக்கு ஒரு சாட்சிதான் இருந்தது. இப்போது இரண்டாயிற்று.

இரண்டு சாட்சி என்றால் வம்பும் இரண்டு மடங்கு. கத்திரி வெயிலில் என் வடகம் மத்தியானத்துக்குள் கலகலவென்று காய்ந்து நொறுங்கும். தெருவில் நாய்கூட இருக்காது. அவர் மீட்டரோ மாசியில் காட்டியதைவிடக் குறைவாகக் காட்டும். "இவ்வளவு கொளுத்துது, எங்கே போகுது என் கரண்டு?" என்று கம்பியைத் தடவிக்கொண்டே தெருமுனை வரைக்கும் போனார். யாரோ திருடுகிறார்கள் என்று நினைப்பு. அப்புறம் ஒருநாள் ராத்திரி இடி இடித்துக் கோடை மழை பெய்தது. மறுநாள் வானம் அலசிப் போட்ட மாதிரி நீலமாக இருந்தது. மீட்டர் பதினைந்தைத் தொட்டது. என் வடகம் நசநசவென்று வளைந்தது.

பேனல் போட்ட மெக்கானிக்கைக் கொரட்டூரிலிருந்து வரச்சொன்னார். அந்த ஆள் மாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சார், பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு இல்ல. சூடு ஏறுனா அது நம்மள மாரியே சோந்துபூடும். கத்திரில மேல பூரா தூசி மூட்டம் வேற. மய பேஞ்சா தூசி எறங்கிடுது, பேனலும் குளுந்துடுது. அதான் எகிறுது. யாரும் திருடல சார்."

"அப்ப வடகம் ஏன் எதிர்ல பேசுது?"

"வடகத்துக்கு நா சர்வீஸ் பண்றதில்ல சார்" என்றார் மெக்கானிக்.

நான் கதவு மறைவில் நின்று, "அதுக்கு அனலும் காஞ்ச காத்தும் வேணும். காத்துல ஈரம் இருந்தா வெய்யில் எவ்ளோ அடிச்சாலும் வளையும்" என்று சொன்னேன். கதவுக்குத்தான் கேட்டிருக்கும் என்று நினைத்தேன். மறுநாள் பார்த்தால் மீட்டருக்குக் கீழே ஒரு அட்டை ஒட்டியிருந்தார்.

"வடகம் ஒடிந்து பேனல் குறைந்தால்: சூடு, தூசி. வடகம் வளைந்து பேனல் ஏறினால்: காற்றில் ஈரம், வானம் சுத்தம். இரண்டும் படுத்தால்: மேகம் அல்லது புகை."

யார் சொன்னது என்று அட்டையில் இல்லை. கதவு சொன்னதாக வைத்துக்கொள்ளலாம்.

போன ஆடியில் அவர் போய்விட்டார். கடைசிப் பத்து நாள் கட்டிலை விட்டு இறங்கவில்லை. உப்பு ஆகாது, அப்பளம் வடகம் கண்ணில் காட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாயங்காலம் ஆனால் கை மட்டும் நீளும். "திங்கவாம்மா கேக்கறேன்? ஒடிக்கத்தானே" என்பார். கடைசி இரண்டு நாள் விரலில் அதற்கும் பலமில்லை. "நீ ஒடி" என்றார். காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒடித்தேன். ஆடிக்காற்றில் காய்ந்தது, நன்றாகவே சத்தம் வந்தது.

"பாஸ்" என்றார்.

வடகத்தைத்தான் சொன்னார். நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

தை பிறந்ததும் பெங்களூரிலிருந்து மகன் வந்தார், பழைய மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு. மாடி முழுக்கப் பேனல் போட்டுவிடலாம் என்று முடிவு. மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கமும் சேர்த்துத்தான். மகன் நல்ல பிள்ளை. என்னைப் பார்த்து, "உங்களுக்கு ஒண்ணும் கஷ்டமில்லையே?" என்று கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன். தலைக்கு ஆட்டத்தான் தெரியும். வேறு மாடிக்கு நான் எங்கே போவேன்? வேப்பம்பட்டுப் பக்கம் இருக்கிற என் தங்கை வீட்டுக்குப் போனால் ஒரு வேளை சோறு கிடைக்கும். மாடி கிடையாது, ஓட்டு வீடு.

மெக்கானிக், "கெயக்கு ஓரத்துல வெய்யில் எப்டி உழுதுன்னு பெர்சு எதுனா எய்தி வச்சிருப்பாரே?" என்றார். அக்கா பீரோவிலிருந்து நாள்காட்டித் தாள் கட்டுகளைக் கொண்டுவந்து போட்டாள். வருஷத்துக்கு ஒரு கட்டு, சணல் போட்டுக் கட்டியது. மகன் படியில் உட்கார்ந்து புரட்டினார். பச்சை, சிவப்பு, பச்சை, சிவப்பு. பின்பக்கம் ஒவ்வொன்றிலும் பேனல் இத்தனை, வடகம் இப்படி.

ஒரு தாளில் நின்றுவிட்டார்.

"என்னப்பா?" என்றாள் அக்கா.

"போகி. பேனல் அஞ்சுன்னு போட்டிருக்கு. கீழே 'துடைப்பு மோசம், சாவி வாங்கப்பட்டது'ன்னு எழுதி, அதைக் கோடு போட்டு அடிச்சிருக்காரு." நிறுத்தி நிறுத்திப் படித்தார். "'மறு ஆய்வு: ஆறு சாம்பிள், ஆறும் வளைந்தன. வெயில் குறைவு. துடைத்தவர் சரி.' அதுக்குக் கீழ கையெழுத்து போட்டு..."

"போட்டு?"

"கையெழுத்து மேலயே சிவப்பு முத்திரை குத்தியிருக்காரும்மா. நிராகரிக்கப்பட்டதுன்னு."

அக்கா மூக்கைச் சிந்தினாள்.

"எத்தனை வருஷம் கத்தியிருப்பேன், ஒங்க மேல ஒண்ணு குத்திக்குங்கன்னு. எனக்குத் தெரியாமக் குத்திட்டுப் போயிருக்கு மனுஷன்."

மகன் அந்தக் கட்டை முழுக்கத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் முந்தின வருஷத்துக் கட்டை. அவருடைய கல்யாண நாள் வந்ததும் சட்டென்று முன்பக்கம் திருப்பினார். பச்சை. மூச்சு விட்டார். எழுந்து மெக்கானிக்கிடம் சொன்னார்:

"கிழக்கு ஓரத்தை விட்டுடுங்க. மேற்கால போட்டா எத்தனை வருதோ அது போதும்."

"வெய்யில் அங்கதான் சார் நல்லா உழுது."

"தெரியும். அதான் அப்பா அங்க கோடு போட்டிருக்காரு."

எனக்கு இது புதுச் செய்தி. மாடியில் நல்ல வெயில் விழுகிற இடத்தை எனக்குக் கொடுத்துவிட்டு, நிழல் விழக் கூடாது என்று என்னையே ஏழு வருஷம் மிரட்டியிருக்கிறார்.

அந்தப் போகித் தாளை மகன் என்னிடமே கொடுத்துவிட்டார். வடக டின்னில் மேலாக வைத்திருக்கிறேன். "உன்னைத் தப்பாகச் சொல்லிவிட்டேன்" என்று வாயால் சொல்லியிருந்தால் மை மிச்சம். அவருக்கு அது கை வரவில்லை.

இன்றைக்குக் காலையிலிருந்து மூட்டம். பேனலைத் துடைத்தேன், பதினாறு ஆகிவிட்டது இப்போது. சாயங்காலம் வடகத்தை எடுத்து ஒடித்துப் பார்த்தேன், வளைந்தது. பழக்கத்தில் அவர் கதவு வரைக்கும் கொண்டுபோய்விட்டுத் திரும்பினேன். வானத்துக்கு இப்போது கேட்பாரில்லை. இஷ்டத்துக்கு வருகிறது, இஷ்டத்துக்குப் போகிறது.